'ஒண்ணும் இல்லப்பா' என்று அவன் சொன்ன எட்டு நாட்கள்

அந்தப் புதன்கிழமை ராத்திரி தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்த என் மகன், உள்ளே எரிந்த விளக்கைப் பார்த்ததும் முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டு கண்ணை இறுக மூடினான். மூடிய கண்ணோடு கையால் துழாவித் தண்ணீர் பாட்டிலை எடுத்தான். அடுப்பில் ரசம் நுரை கட்டி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்த நான், "கண்ணுல என்னடா?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லப்பா" என்றான். சாப்பிட உட்கார்ந்த பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தானே தவிர, ஒரு வாய் உள்ளே போகவில்லை. "நாளைக்கு என்ன டெஸ்ட்?" என்றேன். யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான். அப்புறம், "நாளைக்கு என்ன கிழமைப்பா?" என்று என்னையே கேட்டான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. எழுந்துபோய் மருந்து டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஊரிலிருந்து வாங்கி வந்த டோலோ அட்டையில் 15 மாத்திரையில் 11 குழி காலி. வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஒன்றுகூடப் போட்டிருக்கவில்லை.

இது 2023 செப்டம்பரில் நடந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸுக்கு வடக்கே ஓர் ஊரில் இருக்கிறோம். மகன் அப்போது 9ஆம் வகுப்பு, பள்ளியின் முதலாண்டு மாணவர்களுக்கான ஃபுட்பால் அணியில் புதிதாகச் சேர்ந்திருந்தான். அமெரிக்கன் ஃபுட்பால்தான், ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதுகிற விளையாட்டு. என் மனைவி, அவள் அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை என்று விருதுநகர் போயிருந்தாள். அதனால் பின்னால் வந்த ஐந்து வாரத்தையும் பெரும்பாலும் நான் ஒருவனாகவேதான் சமாளித்தேன். யாராவது ஒருவர் முன்கூட்டியே நாலு விஷயம் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். எனக்குத் தெரிந்தே நாலைந்து தமிழ்க் குடும்பங்களில் பையன்கள் இந்த வருடம் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் மனநிலையைச் சொல்லிவிட வேண்டும், அதுதான் இதில் முக்கியம். நான் பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவன். முட்டி கிழிந்தால் ஒரு பிடி மண்ணை அள்ளி அப்பிக்கொண்டு திரும்பவும் கோட்டுக்குள் நிற்போம். பி.டி. வாத்தியார், "வலிக்குதுன்னு சொல்றவன் வீட்டுக்குப் போ" என்பார். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. மகன் எந்நேரமும் ஏ.சி. அறையில் கேம் ஆடிக்கொண்டிருந்தவன், ஃபுட்பாலில் சேரப் போகிறேன் என்றபோது, சரி, வெயிலில் ஓடி உடம்பு உரம் ஏறட்டும் என்று நான்தான் முதலில் சரி சொன்னேன். அவன் அம்மாவுக்குப் பயம். "பசங்கன்னா அடி படத்தான் செய்யும்" என்று நான்தான் அவளைச் சமாதானப்படுத்தினேன்.

சேரும்போது ஆன்லைனில் வரிசையாகப் படிவங்கள் வந்தன. டாக்டர் உடல் தகுதிச் சான்று, கன்கஷன் பற்றிய ஒப்புதல், திடீர் இதயச் செயலிழப்பு பற்றிய ஒன்று, ஊக்கமருந்து பற்றிய ஒன்று. ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றிலும் பெயரைத் தட்டி அனுப்பிவிட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கன்கஷன் என்றால் தலையில் அடிபட்டு மூளை குலுங்குவது. அந்தப் படிவத்தில் இருந்த ஒவ்வொரு அறிகுறியும் அந்த எட்டு நாளில் என் வீட்டுக்குள் நடமாடியது: வெளிச்சம் கூசுவது, தூக்கம் மாறுவது, எரிச்சல், மறதி. படித்திருந்தால் மூன்றாம் நாளே பிடித்திருப்பேன். தயவுசெய்து அதை அச்செடுத்து, பிள்ளையோடு உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள். இன்னொன்று, சில பள்ளிகளில் சீசனுக்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஒரு நினைவாற்றல் சோதனை வைப்பார்கள். பின்னால் அடிபட்டால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. சில பையன்கள் அதில் வேண்டுமென்றே மெதுவாகச் செய்வார்களாம், அப்போதுதான் அடிபட்ட பிறகும் மதிப்பெண் அதே மாதிரி வரும், உட்கார வைக்க மாட்டார்கள் என்று. இதை என் மகன்தான் பிற்பாடு சொன்னான். உங்கள் பிள்ளையிடம் இதைப் பற்றிப் பேசிவிடுங்கள்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் பயிற்சி தொடங்கியது. அந்த வருடம் டல்லாஸில் நாள் தவறாமல் 100 டிகிரிக்கு மேல். நாங்கள் ஊருக்குப் போய்விட்டு ஜூலை கடைசியில்தான் திரும்பியிருந்தோம். வந்த நாலாம் நாளே, தூக்கம் சரியாகாமல், வயிறும் கொஞ்சம் கெட்டிருந்த நிலையில் அவன் மைதானத்துக்குப் போனான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அது எவ்வளவு பெரிய தவறு என்பது அப்போது தெரியாது. தூக்கமின்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இதெல்லாம் வெப்பத் தாக்கு வரும் ஆபத்தை நேரடியாகக் கூட்டுபவை. உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். அதனால்தான் இங்கே எடுத்த எடுப்பில் முழுக் கவசத்தோடு இறக்காமல், ஹெல்மெட், அப்புறம் தோள்கவசம் என்று படிப்படியாகக் கூட்டுகிறார்கள். ஊருக்குப் போய்விட்டு ஜூலை கடைசியில் திரும்புகிற குடும்பங்கள் தயவுசெய்து இரண்டு வாரமாவது முன்னால் வரப் பாருங்கள். முடியாவிட்டால் பயிற்சியாளரிடம் வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் அவனை அழைத்துவரப் போனபோது, மைதானத்து ஓரத்தில் மாட்டுத்தொட்டி அளவுக்கு ஒரு தொட்டி, அதில் விளிம்பு வரை தண்ணீரும் ஐஸ் கட்டியும். அத்லெடிக் டிரெய்னர், அதாவது காயங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி, பக்கத்திலேயே நின்றார். அவர் பயிற்சியாளர் அல்ல, மருத்துவப் பயிற்சி பெற்றவர். பையன்கள் நினைத்தபோதெல்லாம் போய்த் தண்ணீர் குடித்தார்கள். இவ்வளவு செல்லம் எதற்கு என்று மனதுக்குள் நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அவர் 70களில் மேற்கு டெக்சாஸில் ஆடியவர். "எங்களுக்குத் தண்ணீர் கிடையாது, உப்பு மாத்திரைதான். தண்ணீர் கேட்டவன் கோழை" என்றார். 1954இல் பேர் பிரையண்ட் என்ற புகழ்பெற்ற பயிற்சியாளர் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை ஜங்ஷன் என்ற ஊருக்குக் கூட்டிப்போய், வறட்சிக் காலத்தில், பத்து நாள், ஆடும் நேரத்தில் தண்ணீர் தராமல் பயிற்சி கொடுத்த கதையை அவர்தான் சொன்னார். ஏறக்குறைய நூறு பேர் போய், மிஞ்சியவர்கள் 35 பேர் மாதிரி. அந்த மிஞ்சியவர்களைப் பல வருடம் வீரர்கள் என்று கொண்டாடினார்கள். "நானும் கொண்டாடினேன். ஒரு பையன் வெப்பத்தில் விழுந்து சாகக் கிடந்ததை யாரும் பேசவில்லை" என்றார்.

அந்த ஐஸ் தொட்டி அங்கே ஏன் இருக்கிறது என்று அன்று ராத்திரி தேடிப் படித்தேன். 2001 ஆகஸ்ட் 1ஆம் தேதி, மின்னசோட்டா வைக்கிங்ஸ் என்ற தொழில்முறை அணியின் கோரி ஸ்ட்ரிங்கர், 27 வயது, பயிற்சி முகாமில் வந்த வெப்பத் தாக்கில் இறந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உடல் வெப்பம் 108 டிகிரிக்கு மேல். 2018 மே 29 அன்று மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயதுப் பையன் ஓட்டப் பயிற்சியில் தடுமாறினான். அவனை ஐஸ் தண்ணீரில் இறக்கவில்லை. ஆம்புலன்ஸுக்கு அழைக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியது. ஜூன் 13 அன்று இறந்துபோனான். அப்புறம் பல்கலைக்கழகமே பொறுப்பை ஒப்புக்கொண்டது. உடல் வெப்பம் 104 டிகிரி தாண்டி, பேச்சு குழறினாலோ நடை தள்ளாடினாலோ, அரை மணி நேரத்துக்குள் அந்த வெப்பத்தை இறக்கிவிட்டால் பிழைக்க வைத்துவிடலாம். அதனால் முதலில் தொட்டியில் குளிரவைப்பது, அப்புறம்தான் ஆம்புலன்ஸில் ஏற்றுவது. நம் பிள்ளை சேரும் பள்ளியில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். தொட்டி இருக்கிறதா என்று கேட்காதீர்கள், பயிற்சி தொடங்கும் முன்பே அதில் தண்ணீரும் ஐஸும் நிரப்பி வைக்கிறீர்களா என்று கேளுங்கள். டிரெய்னர் மேட்ச் நாளில் மட்டும் வருவாரா, தினமும் இருப்பாரா என்று கேளுங்கள். இந்த விஷயத்தில் எங்கள் பள்ளியில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில் இருந்தது. தலைமைப் பயிற்சியாளர் புதுக்காலத்து மனிதர். அவருக்குக் கீழே இருந்த உதவிப் பயிற்சியாளர்களில் ஒருவர் பழைய காலத்து ஆள். அந்தப் புதன்கிழமைக்கு எட்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை பயிற்சி முடியும் நேரத்தில், இரண்டு பையன்களை ஐந்தாறு கஜ தூரத்தில் எதிரெதிரே நிறுத்தி, ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து, இருபக்கமும் மூட்டைகளைப் போட்டு ஒதுங்க வழியில்லாமல் செய்து, விசில் அடித்து மோதவிட்டார். மற்றவர்கள் சுற்றி நின்று கத்துவார்கள். ஓக்லஹோமா டிரில் என்று இதற்குப் பெயர். தலைமுறை தலைமுறையாக ஒருவனின் நெஞ்சுரத்தை இப்படித்தான் சோதித்தார்கள். சம்பளம் வாங்கி ஆடும் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லே 2019இல் இதைத் தடை செய்துவிட்டது. என் மகன் எதிரே வந்தவன் இவனைவிட 20 கிலோ கூட. தலையோடு தலை மோதி இவன் மல்லாக்க விழுந்தான். எழுந்தபோது காதில் 'கொய்ங்' என்று சத்தம், மைதானத்து விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிந்ததாம். அந்த உதவிப் பயிற்சியாளர், "ஓகேவா?" என்று கேட்டிருக்கிறார். இவன் ஓகே என்றான். ஹெல்மெட்டில் ஒரு தட்டு தட்டி வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டார். டிரெய்னர் அப்போது மைதானத்தின் மறுகோடியில் வேறு பையனுக்குக் கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் என்னிடம் பாதிதான் சொன்னான். "இன்னிக்குச் செமையா ஒரு அடிப்பா. ஆனா எழுந்துட்டேன்." நான் என்ன சொன்னேன் என்பது இன்றும் காதில் கேட்கிறது. "எழுந்து நின்னேல்ல, அதான்டா ஆம்பளப் பிள்ளை." தோளில் ஒரு தட்டு தட்டினேன். அவன் முகம் மலர்ந்தது. அதற்கு முந்தின வருடம், 2022 செப்டம்பரில், மயாமி அணியின் டுவா டகோவைலோவா ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சில் தலை தரையில் மோதி, எழுந்து தள்ளாடி, திரும்பவும் வந்து ஆடியதை நானும் அவனும் சோபாவில் உட்கார்ந்து டி.வி.யில் பார்த்தோம். "பாத்தியா, இதுதான் தில்லு" என்று நான் சொன்னேன். நாலே நாளில், வியாழக்கிழமை, அதே மனிதர் மறுபடி விழுந்து, விரல்கள் கோணலாக விறைத்து நிற்க, ஸ்ட்ரெச்சரில் போனார். அதையும் பார்த்தோம். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, டி.வி.யை நிறுத்திவிட்டேன். அடுத்த மாதமே, தள்ளாட்டம் கண்டால் அன்று திரும்ப ஆடக்கூடாது என்று லீக் விதியைத் திருத்தியது எனக்குத் தெரியாது. என் பிள்ளை மனதில் தங்கியது நான் சொன்ன முதல் வார்த்தைதான்.

சரி, அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். அரைமணியில் அவனைக் காரில் ஏற்றிப் பக்கத்து எமர்ஜென்சிக்கு ஓட்டினேன். வழியெல்லாம் அவன் கண்ணை மூடிக்கொண்டே வந்தான். சிக்னலுக்குச் சிக்னல் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். நாலரை மணி நேரம் காத்திருப்பு, சி.டி. ஸ்கேன், நார்மல். எனக்கு உயிர் வந்தது. "அப்ப ஒண்ணும் இல்லையா?" என்றேன். டாக்டர், "ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் இல்லை. ஆனால் இது கன்கஷன்தான்" என்றார். நானும் ஸ்கேன் நார்மல் என்றால் ஆள் நார்மல் என்றுதான் நினைத்திருந்தேன். மண்டைக்குள் மூளை குலுங்கியது ஸ்கேனில் தெரியாது. ஹெல்மெட்டும் மண்டையோடு உடையாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது. அப்புறம் அவர் கேட்டார், "அடிபட்ட பிறகு எத்தனை முறை ஆடினான்?" ஐந்து பயிற்சி, ஒரு மேட்ச் என்று மகன் விரல் விட்டு எண்ணிச் சொன்னான். முதல் அடி ஆறும் முன்னே இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம், அபூர்வம்தான், ஆனால் நடப்பது பெரும்பாலும் இந்த வயதுப் பையன்களுக்குத்தான் என்றார். அன்று விடியும்வரை அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த மேட்ச்சுக்கு நான் போயிருந்தேன். கைதட்டியிருந்தேன்.

பண விஷயம். இன்சூரன்ஸ் போக என் கையிலிருந்து போனது 3,460 டாலர், டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை, இன்னும் முடிந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தால் இன்னும் கூடியிருக்கும். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாமை, ஒரு கண்பாவை மட்டும் பெரிதாக இருப்பது, வலிப்பு, பேச்சுக் குழறல், கைகால் தளர்வு, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, இவற்றில் எதுவும் இருந்தால் பணத்தைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்காமல் 911 கூப்பிடுங்கள். இவை எதுவும் இல்லாமல், நாள் கடந்து தெரியவந்தால், குழந்தை டாக்டரின் அவசர எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம், மறுநாள் கன்கஷன் கிளினிக்குக்குப் போகலாம். அங்கே எனக்கு ஒரு தடவைக்கு 60 டாலர்தான் ஆனது. எமர்ஜென்சிக்குப் போனதற்காக நான் வருத்தப்படவில்லை. கிழமை தெரியாமல் உட்கார்ந்திருந்த பிள்ளையை வைத்துக்கொண்டு என்னால் வேறு எதுவும் யோசிக்க முடிந்திருக்காது. ஆனால் யாரும் சொல்லாத ஒன்று: எங்கள் பள்ளி மாவட்டம் விளையாட்டு மாணவர்களுக்கு இரண்டாம் நிலை இன்சூரன்ஸ் ஒன்று எடுத்து வைத்திருக்கிறது. நம் இன்சூரன்ஸ் கொடுத்தது போக மிச்சத்தில் ஒரு பங்கை அது தரும். அதற்குப் பள்ளியில் காயம் பதிவாகியிருக்க வேண்டும், படிவம் 90 நாளுக்குள் போக வேண்டும். எனக்கு 71ஆம் நாள்தான் தெரிந்தது, அதுவும் இன்னொரு அம்மா பார்க்கிங்கில் சொல்லி. அடித்துப்பிடித்து அனுப்பி 1,180 டாலர் திரும்ப வந்தது. காயம்பட்ட வாரமே டிரெய்னரிடம் அந்தப் படிவத்தைக் கேளுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்தும் இன்சூரன்ஸிலிருந்தும் வரும் எந்தத் தாளையும் தூக்கிப் போடாதீர்கள்.

மறுநாள் டிரெய்னரைப் பார்க்கப் போனேன், கோபத்தோடுதான். அவர் நான் சொன்னதெல்லாம் கேட்டார், எழுதிக்கொண்டார், அந்த டிரில் பற்றித் தேதி, நேரம் வரை கேட்டார். அப்புறம் ரொம்ப மெதுவாக, "வீட்டில் வலிக்கிறது என்று சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து மகனிடம், "ஏண்டா எட்டு நாளா சொல்லல?" என்றேன். "கோச் கேட்டப்ப ஓகேன்னு சொல்லிட்டேன். அப்புறம் நீங்களும் சந்தோஷப்பட்டீங்க. இப்பப் போய் தலை வலிக்குதுன்னு எப்பிடிப்பா சொல்றது?" என்றான். அழவில்லை, சும்மா சொன்னான். விதிகளைப் பற்றி, அந்த உதவிப் பயிற்சியாளரைப் பற்றி எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும், அவன் வாயை அடைத்ததில் பாதிக்கு மேல் என் பங்கு. இதை எழுதுவதற்கே எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இந்த விதிகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்று படிக்கப் படிக்க மனது கனத்தது. 2006இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஜாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையன் தலையில் அடிபட்டு, அதே மேட்ச்சில் திரும்ப ஆடி, மூளையில் ரத்தக்கசிவோடு சரிந்தான். பேசவும் நடக்கவும் மறுபடி கற்றுக்கொள்ள வருடங்கள் ஆயின. 2009இல் அவன் பெயரில்தான் இந்த நாட்டின் முதல் சட்டம் வந்தது. சந்தேகம் வந்தாலே வெளியே எடு, மருத்துவ அனுமதி இல்லாமல் திரும்ப விடாதே. டெக்சாஸில் 2011இல் நடாஷா சட்டம் வந்தது, அந்தப் பெண் கால்பந்து ஆடியவள். அதன்படி திரும்ப ஆட அனுமதிக்கும் அதிகாரம் பயிற்சியாளருக்குக் கிடையாது. நாம் தேர்ந்தெடுக்கும் டாக்டர் எழுத்தில் தர வேண்டும், படிப்படியான பயிற்சி முறை முடிய வேண்டும், பெற்றோர் கையெழுத்து வேண்டும். 2013இலிருந்து டெக்சாஸ் பள்ளி விளையாட்டுகளை நடத்தும் யூ.ஐ.எல்., சீசனில் ஒரு மாணவனுக்கு முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு 90 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறது. இதெல்லாம் வந்தால் ஆட்டம் சப்பென்று போய்விடும் என்பவர்களுக்கு நான் சொல்வது டார்ட்மவுத் கல்லூரியின் கதை. அங்கே பட்டி டீவன்ஸ் என்ற பயிற்சியாளர் 2010இல், பயிற்சியில் நம் ஆளை நம் ஆள் மோதி வீழ்த்துவது அறவே கூடாது என்று நிறுத்தினார். மூட்டையிலும், அப்புறம் ரிமோட்டில் ஓடும் ஒரு ரோபோ பொம்மையிலும் மோதிப் பழக்கினார். 2015இல் அந்த அணி, எட்டுப் பழைய பல்கலைக்கழகங்கள் ஆடும் ஐவி லீக்கின் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. அடுத்த வருடம் ஐவி லீக் முழுவதுமே சீசன் பயிற்சியில் அந்த மோதலைக் கைவிட்டது.

குணமாகும் காலத்தில் நான் செய்த பெரிய தப்பு, அவனை இருட்டறையில் வைத்தது. ஜன்னலில் போர்வை கட்டினேன், போனைப் பிடுங்கிக்கொண்டேன், ஆறு நாள் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. அவன் குணமாகவில்லை, சுருங்கிப்போனான். கன்கஷன் கிளினிக் டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். அது பழைய முறையாம். முதல் ஒன்றிரண்டு நாள் மட்டும் ஓய்வு, அந்த இரண்டு நாள் திரையைக் குறைப்பது, பிறகு மெதுவாக நடை, தலைவலி லேசாகக் கூடினால் குறைத்துக்கொண்டு மறுபடி. மறுநாளிலிருந்து சாயங்காலம் இருவரும் தெருவைச் சுற்றி நடந்தோம். முதல் நாள் மூன்றாவது வீடு வரைதான். பத்தாம் நாள் பூங்கா வரை. ஆட்டத்துக்குத் திரும்புவதற்கு முன்னால் படிப்புக்குத் திரும்ப வேண்டும், அதற்கும் பள்ளியில் வழி இருக்கிறது: டெஸ்ட்டைத் தள்ளிவைப்பது, குறிப்புகளை அச்செடுத்துத் தருவது, தலை வலித்தால் நர்ஸ் அறையில் உட்காருவது. டாக்டர் கடிதத்தைக் கொடுத்து நாம்தான் கேட்க வேண்டும், தானாக எதுவும் நடக்கவில்லை. நான் கேட்பதற்குள் அல்ஜீப்ராவில் இரண்டு டெஸ்ட் போய்விட்டது. என் பக்கத்தில் ஆறு நாள் விடுப்பு போயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விருதுநகரில் இருந்த மனைவியிடம் நாலு நாள் எதுவும் சொல்லவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் அவள் அம்மாவோடு அல்லாடிக்கொண்டிருந்தாள், பதறுவாளே என்று நினைத்தேன். வீடியோ காலில் பிள்ளையைக் காட்டு என்றால் தூங்கிட்டான் என்றேன். ஐந்தாம் நாள் சொன்னபோது அவள் கேட்டது, "அவன் யார்கிட்டக் கத்துக்கிட்டான்னு இப்பத் தெரியுதா?" மாலை முழுவதும் போனை எடுக்கவில்லை. மறுநாள் அவளே கூப்பிட்டாள்.

தலைமைப் பயிற்சியாளருக்குக் கத்திக் கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்து, மறுநாள் அதை அழித்துவிட்டு ஐந்து வரியில் எழுதினேன்: தேதி, டிரில், யார் இருந்தார்கள், யார் டிரெய்னரை அழைக்கவில்லை, இனி என்ன நடக்கும். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும். அவர் நேரில் வரச் சொன்னார், மழுப்பவில்லை. அந்த டிரில் தன் விதிக்கு மாறானது என்றார். மோதல் பயிற்சி நடக்கும்போது டிரெய்னர் அந்தப் பக்கத்தில் இல்லாவிட்டால் இனி விசில் ஊதக்கூடாது என்று ஆக்கினார். அந்த உதவிப் பயிற்சியாளர் சீசன் முடியும்வரை இருந்தார். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. அவர் ஒரு நாள் மைதானத்தில் என்னிடம் வந்து, அவர் ஆடிய காலத்தில் தலையில் அடிபட்டால் 'மணி அடித்துவிட்டது' என்று சிரித்துவிட்டுப் போவார்கள் என்றும், அப்படித் தனக்கு எத்தனை முறை அடித்தது என்று தனக்கே நினைவில்லை என்றும் சொன்னார். அவர் மன்னிப்புக் கேட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் அவரை வெறுக்க முடியவில்லை.

படி ஏறுவது மாதிரித்தான் திரும்ப விட்டார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் குறைந்தது 24 மணி நேரம்: லேசான சைக்கிள், ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி, டாக்டர் அனுமதி, முழுப் பயிற்சி, மேட்ச். மூன்றாம் கட்டத்தில் தலை வலித்தது. அவனே சொன்னான். ஒரு படி இறக்கினார்கள். மொத்தம் ஐந்து வாரம், நாலு மேட்ச் போயிற்று. ஃபுட்பாலை விடச் சொல்லலாமா என்று மனைவியும் நானும் நிறையப் பேசினோம். அவள் இன்னும் அரை மனதுதான். இரண்டாவது கன்கஷன் வந்தால் அதோடு சரி என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவு எடுத்திருக்கிறோம், அதற்கு அவனும் ஒத்துக்கொண்டிருக்கிறான்.

இப்போது பயிற்சி முடிந்து காரில் ஏறியதும் நான் ஸ்கோர் கேட்பதில்லை. "இன்னிக்கு எங்கெல்லாம் வலிக்குது?" என்றுதான் முதல் கேள்வி. முதலில் கூச்சப்பட்டான். இப்போது பட்டியலே போடுகிறான். ஃபிரிட்ஜ் கதவில் தொங்கும் தினசரி காலண்டர் தாளிலேயே அதைப் பென்சிலால் குறித்து வைக்கிறேன், நல்ல நேரம், ராகு காலத்துக்குக் கீழே. நேற்று வந்தவன் ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே, "இடது கட்டைவிரல்ப்பா, திங்கக்கிழமைலேர்ந்து" என்றான். திங்கட்கிழமைத் தாளைக் கிழித்தாகிவிட்டது. நேற்றைய தாளிலேயே எழுதினேன்.